ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

சிவமயம்

(திருவெம்பாவைப் பூசையின் பின் ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாசித்துக் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.)



ஊரில் திருவெம்பாவைக் காலம் வந்தால் விடியப் புறம் நான்கு மணிக்கே சங்கும் சேமக்கலமும் கேட்கும். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷனில் அந்த நேரத்தில் கேட்பது பனி வழிக்கும் வண்டியின் சத்தம். அந்தக் குளிரிலும் பிள்ளைகளை எழுப்பி, முழுக வார்த்து, மேற்சட்டைக்கு மேல் மேற்சட்டை போட்டுக் கூட்டிவந்திருக்கிறீர்கள். எம்பெருமான் அதை அறிவான்.

ஆனால் இந்த நாட்டில் மார்கழிக்கு இன்னொரு முகமும் உண்டு. சீஜெப் கல்லூரிகளில் இலையுதிர் பருவத்துப் புள்ளிகள் வெளிவரும் காலம் இதுதான். இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் சில பிள்ளைகளுடைய பொக்கெற்றில் இருக்கும் தொலைபேசியில் ஒரு புள்ளி இருக்கிறது. அது வீட்டில் வேறு எவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகளை நினைத்தே இன்று பேச வந்தேன். யாரென்று தேட வேண்டாம். திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

சென்ற ஆண்டு இதே நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு தாயார் அர்ச்சனைச் சீட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மகன் உள்ளே போகவில்லை. செருப்பு வைக்கும் இடத்தில், குளிர்ச் சட்டையும் கழற்றாமல், சுவரோடு இருந்தான். ஏன் தம்பி வெளியில் இருக்கிறீர் என்று கேட்டேன்.

"ஐயா, அம்மா என்ரை பேரிலை அர்ச்சனை செய்யிறா. எனக்கு டொக்டருக்குப் படிக்க இடம் கிடைக்கவேணும் எண்டு. நான் இந்த செமஸ்டர் கல்குலஸ் பெயில். அவவுக்குத் தெரியாது. உள்ளுக்கு வந்து என்னெண்டு கும்பிடுறது?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைய பேச்சு முழுவதும்.

நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, உள்ளே இருப்பவருக்கு உம்முடைய புள்ளி முன்னமே தெரியும். தெரியாதவர் அம்மா ஒருவர்தான். நீர் பயப்படுகிற இடம் சந்நிதி இல்லை, வீட்டுக் குசினி. முதலில் சந்நிதிக்கு வாரும். பிறகு குசினிக்குப் போவோம்." அவன் எழுந்து வந்தான். பிறகு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புள்ளி என்பது என்ன?

முதலில் பெற்றோருக்குச் சில விளக்கங்கள். நம்மில் பலர் பிள்ளையின் புள்ளியைப் பார்த்துக் கோபிக்கிறோம், ஆனால் அந்தப் புள்ளி என்ன சொல்கிறது என்பது நமக்குத் தெரியாது.

சீஜெப் என்னும் அமைப்பு கியூபெக் மாகாணத்தில் 1967 ஆம் ஆண்டு தொடங்கியது. செக்கண்டரி ஐந்து முடித்த பிள்ளை பல்கலைக்கழகம் போகுமுன் அங்கே இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். தொழில்நுட்பப் பிரிவு என்றால் மூன்று ஆண்டு. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் மகன் நேரே பல்கலைக்கழகம் போய்விட்டானே, எங்கள் பிள்ளை ஏன் இன்னும் சீஜெப்பில் என்று சிலர் கேட்கிறார்கள். அது பிள்ளையின் பிந்தல் அல்ல, இந்த மாகாணத்தின் ஒழுங்கு.

ஊரில் பாதிக்குக் குறைவாக எடுத்தாலும் சித்தி உண்டு. இங்கே சித்திக்கு 60 வேண்டும். 59 எடுத்தவனும் சித்தியில்லை. ஆகவே பிள்ளை 57 என்று சொன்னால், பாதிக்கு மேல் எடுத்தும் பெயிலா என்று குழம்ப வேண்டாம். ஒன்றுமே படிக்காதவன் எடுக்கும் புள்ளி 57 அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது ஆர் ஸ்கோர். பிரெஞ்சில் கோட் ஆர் என்பார்கள். 1995 முதல் நடைமுறையில் இருப்பது, 2017 இல் திருத்தப்பட்டது. பல்கலைக்கழகங்கள், விசேடமாக மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த துறைகள், இதைத்தான் பார்க்கின்றன. இது பிள்ளை எடுத்த புள்ளி அல்ல. பிள்ளை தன் வகுப்பின் சராசரிக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறான் என்பதையும், அந்த வகுப்புப் பிள்ளைகள் உயர்பள்ளியில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணிப்பது.

ஓர் உதாரணம். வகுப்பின் சராசரி 70. புள்ளிகள் அதைச் சுற்றிப் பரந்திருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 10. வகுப்பு சாதாரண வகுப்பு. சராசரியில் நிற்கும் பிள்ளைக்கு ஆர் ஸ்கோர் ஏறத்தாழ 25. எண்பது எடுத்தவனுக்கு 30. அறுபது எடுத்தவனுக்கு 20. ஆனால் சராசரி 85 ஆக இருக்கும் வகுப்பில் அதே 80 எடுத்தவன் 25 க்குக் கீழே போய்விடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளை 85, நீ ஏன் 75 என்று கேட்பதற்கு இங்கே பொருளில்லை. இரண்டு வகுப்பும் ஒன்றல்ல.

இதைக் கேட்டவுடன் சில பெரியவர்களின் முகம் மாறுகிறது. எனக்குக் காரணம் தெரியும். நாம் 1970களின் தரப்படுத்தலைக் கண்டவர்கள். ஒரே சோதனை எழுதிய பிள்ளைகளில், தமிழில் எழுதியவன் கூடுதலான புள்ளி எடுத்தால்தான் பல்கலைக்கழகம் போகலாம் என்ற காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்தக் கணக்கு அது அல்ல. இங்கே மொழியும் இனமும் கணக்கில் வருவதில்லை. சொல்லப்போனால், இலங்கையிலும் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி என்னும் இதே வகைக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே பிள்ளை ஆர் ஸ்கோர் என்று சொல்லும்போது பழைய கோபத்தை அவன் தலையில் இறக்க வேண்டாம்.

இனி முக்கியமான ஒன்று. பெயிலான பாடத்தை மீண்டும் படித்துச் சித்தியடைந்தால் பழைய புள்ளி அழிந்துவிடுமா? அழியாது. ஆனால் அதன் பாரம் குறைக்கப்படுகிறது. சீஜெப்பில் முதலாவது செமஸ்டரில் பெயிலான பாடம் ஆர் ஸ்கோரில் கால் பங்கு நிறையோடுதான் கணிக்கப்படும். அதற்குப் பிந்திய செமஸ்டர்களில் அரைப் பங்கு. மீண்டும் படித்து எடுக்கும் புள்ளி முழு நிறையோடு சேரும். சட்டம் எழுதிய அதிகாரிகளுக்கே, புதிதாய் வந்த பிள்ளை முதலில் தடுமாறுவான் என்று தெரிந்திருக்கிறது. பெற்ற நமக்குத் தெரிய வேண்டாமா?

சுந்தரமூர்த்தி நாயனாரின் வழி

இப்போது திருவொற்றியூருக்குப் போவோம். பெரிய புராணத்தில் சேக்கிழார் பெருமான் சொன்ன வரலாறு நீங்கள் அறிந்ததே. இன்று அதை ஒரு மாணவனின் கண்ணோடு பார்ப்போம்.

சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்பினார். உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். இவருக்கோ திருவாரூரை விட்டு நெடுநாள் இருக்க முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி யோசித்தார். நான் சத்தியம் செய்யும் நேரம் மட்டும் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும் என்று பெருமானிடம் கேட்டுக்கொண்டார். பெருமானும் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, சங்கிலியாருக்குத் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்றும் சொல்லிவிட்டார். குறுக்கு வழி அடைபட்டது. சோதனைக்கு முதல் நாள் இரவு மட்டும் படித்துத் தப்பலாம் என்று எண்ணிய எவருக்கும் இந்தக் கதை புரியும்.

வசந்த காலம் வந்தது. திருவாரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மீறிப் புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியவுடன் இரண்டு கண்ணும் தெரியவில்லை.

அன்பர்களே, இவர் யார்? தம்பிரான் தோழர். இறைவனே தூது போன பெருமை உடையவர். அப்படிப்பட்டவர் நடுவழியில் குருடராய் நின்றார். அப்போது அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். கண் தெரிகிறது என்று நடிக்கவில்லை. திரும்பி ஓடி ஒளியவில்லை. ஊர் சிரிக்கும் என்று ஓரிடத்தில் ஒடுங்கவும் இல்லை. வாய்விட்டு முறையிட்டார். பிழை செய்தேன் என்றும் பாடினார், இது உமக்கு அழகா என்று சண்டையும் பிடித்தார். முறையிட்டுக்கொண்டே நடந்தார்.

திருவெண்பாக்கத்தில் கேட்டார். கண் கிடைக்கவில்லை. கிடைத்தது ஓர் ஊன்றுகோல். அதையே பிடித்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்தார். திருவேகம்பத்தில் இடக் கண் தெரிந்தது. ஒரு கண்ணோடு மேலும் நடந்தார். திருவாரூர் வந்தபின் வலக் கண்ணும் தெரிந்தது.

பெருமான் நினைத்திருந்தால் இரண்டு கண்ணையும் ஒரே நொடியில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. முதலில் கோல், பிறகு ஒரு கண், பிறகு மறு கண். இழந்தது ஒரே நிமிடத்தில், திரும்பக் கிடைத்தது படிப்படியாக. கோல் கிடைத்த இடத்தில் சுந்தரர், எனக்குக் கண்தான் வேண்டும், கோல் வேண்டாம் என்று எறிந்துவிட்டு இருந்திருந்தால் காஞ்சி வரை போயிருக்க மாட்டார்.

பிள்ளைகளே, பெயிலான ஒரு பாடமும் இப்படித்தான். அடுத்த செமஸ்டரில் எல்லாம் சரியாகிவிட வேண்டும் என்று ஏழு எட்டுப் பாடத்தை இழுத்துப் போட வேண்டாம். இந்த மாதம் கிடைப்பது ஊன்றுகோல். அது ஆசிரியரின் அறையில் பத்து நிமிடமாக இருக்கலாம், கல்லூரியின் இலவசப் பாட உதவி நிலையமாக இருக்கலாம், பக்கத்தில் இருந்து கணக்குச் சொல்லித் தரும் ஒரு நண்பனாக இருக்கலாம். சின்னது என்று எறியாதீர்கள்.

ஓடிப் போன ஒரு பிள்ளை

நாயன்மார் காலம் வேறு, எங்கள் காலம் வேறு என்று சொல்வீர்கள். சரி, கிட்டிய காலத்துக்கு வருவோம்.

கும்பகோணத்தில் ஒரு பிள்ளை. நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட வீடு. 1904 இல் புலமைப் பரிசில் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தான். கணிதத்தைத் தவிர வேறொன்றையும் படிக்க மனம் போகவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினான். பரிசில் போயிற்று. 1905 இல் வீட்டில் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டான். பெற்றோர் தேடி அலைந்தார்கள். பிறகு திரும்பி வந்து 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். எப்.ஏ. பரீட்சையில் மறுபடியும் தவறினான். 1907 இல் இன்னொரு முறையும் தவறினான்.

அந்தப் பிள்ளைதான் ஸ்ரீநிவாச இராமானுஜன். 1918 இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரான கணித மேதை.

இந்தக் கதையைச் சொல்லி, பெயிலாகும் பிள்ளையெல்லாம் மேதையாவான் என்று நான் சொல்ல வரவில்லை. அது பொய். பெயிலாகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதாரணப் பிள்ளைகள், சாதாரணமாகப் படித்து முன்னேறுவார்கள். அதுவே போதும். நான் சொல்ல வந்தது வேறு. ஓடிப் போன இராமானுஜனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தன் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மனிதர்களிடம் போன இராமானுஜனுக்குத்தான் வழி திறந்தது. 1910 இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் போனார். பிறகு நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் போனார். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். ஊன்றுகோல், ஒரு கண், மறு கண்!

அந்தப் பெரியவர்கள் அவரிடம் எத்தனை பாடம் பெயில் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்கள். நம் வீடுகளில் தகப்பன்மாரும் மாமாமாரும் செய்ய வேண்டியது அதுதான்.

வினையும் புள்ளியும்

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகச் சொல்கிறது. குவிந்து கிடப்பது சஞ்சிதம். இப்போது அனுபவிப்பது பிராரத்தம். இனிச் செய்து சேர்ப்பது ஆகாமியம். வந்துவிட்ட புள்ளி பிராரத்தம். அதை அனுபவித்துத்தான் கழிக்க வேண்டும், அழிக்க முடியாது. ஆனால் அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னொரு பொய், கல்லூரிக்குப் போவதாய்ச் சொல்லிவிட்டுப் பார்க் மெற்றோவில் ஏறி நாள் முழுவதும் சுற்றுவது, இவை ஆகாமியம். இவை நம் கையில் இருக்கின்றன. பெயிலாவது பாவம் அல்ல. அதை மூடி வைக்கும் பொய்தான் பிள்ளையைத் தின்கிறது.

பெற்றோரே, இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், அவன் சம்மதம் இல்லாமல் கல்லூரி உங்களுக்குப் புள்ளிகளைச் சொல்லாது. நீங்கள் அறிவதற்கு ஒரே வழி பிள்ளையின் வாய். அந்த வாய் திறப்பதும் மூடுவதும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான். சபனெல் வீதித் தையல் தொழிற்சாலைகளில் நின்று கால் வீங்கியவர்கள், உணவகங்களில் இரவிரவாய்க் கோப்பை கழுவியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உனக்காகத்தானே கஷ்டப்பட்டேன் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அது உண்மை. ஆனால் அந்த வசனத்தை நூறு முறை கேட்ட பிள்ளைக்கு, ஒரு பாடத்தில் தவறினேன் என்று சொல்வது உங்கள் பாடு முழுவதையும் வீணாக்கினேன் என்று சொல்வதாகிவிடுகிறது. அவ்வளவு பாரத்தை எந்தப் பிள்ளை தூக்குவான்?

பிரெஞ்சிலே பள்ளி முடித்து, ஆங்கிலச் சீஜெப்பில் கணிதம் படித்து, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை அவன். மூன்று மொழிக்குள் நடக்கிறான். தடக்குவான்.

செய்ய வேண்டியவை

பிள்ளைகளே, இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புள்ளியில் பிழை இருக்கலாம் என்று நினைத்தால், மீள்பார்வை கேட்கக் கல்லூரியில் உரிமை உண்டு. அதற்கு நாட்கள் குறைவு, உடனே கேளுங்கள். தவறிய பாடம் இன்னொரு பாடத்துக்கு முற்படி என்றால், அது அடுத்து எப்போது நடக்கும் என்று கல்லூரியின் கல்வி ஆலோசகரிடம் விசாரியுங்கள். அது அவருடைய வேலை, கூச்சம் வேண்டாம். ஒரு பாடம் முடியாது என்று தெரிந்தால், இலையுதிர் பருவத்தில் செப்டம்பர் 20 அளவிலும், குளிர்ப் பருவத்தில் பெப்ரவரி 15 அளவிலும் வரும் கடைசித் தேதிக்கு முன் விலகலாம். அப்படி விலகினால் பெயில் பதியப்படாது. வகுப்புக்குப் போகாமல் விடுவது விலகல் அல்ல, அது பெயிலாகவே முடியும். நான்கு பாடத்துக்குக் குறைந்தால் முழுநேர மாணவர் என்ற நிலை போய், கட்டணமும் வரும். விலகுமுன் அதையும் எண்ணுங்கள். கடும் நோயோ வீட்டில் ஒரு சாவோ காரணம் என்றால், உரிய கடிதங்களோடு கேட்டால் பெயிலுக்குப் பதிலாக 'முற்றுப்பெறாதது' என்று பதிய வழி உண்டு. பலர் இதை அறியாமலே பெயிலை ஏற்றுக்கொள்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளை வந்து சொல்லும் அந்த முதல் இரவில் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை எடுக்க வேண்டாம். பிள்ளை சாப்பாட்டை விட்டு, நித்திரையை விட்டு, வாழ்வதில் பயனில்லை என்பது போல் ஏதும் சொன்னால், அதை நடிப்பு என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் இருங்கள். கனடா முழுவதும் 988 என்ற இலக்கத்தில் இரவு பகலாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உதவி கிடைக்கும். படிப்பு பிறகு. பிள்ளை முதல்.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்ற அதிகாரத்தை 62 ஆவதாக வைத்தார். அடுத்த 63 ஆவது இடுக்கண் அழியாமை. முயற்சியைச் சொன்ன கையோடு, துன்பத்தில் உடைந்து போகாமையைச் சொன்னார். முயல்கிறவனுக்குத்தான் இடுக்கண் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன பையனுக்கு வருகிறேன். அன்றிரவே தாயாரிடம் சொல்லிவிட்டான். தாயார் இரண்டு நாள் அழுதார். தகப்பனார் ஒரு கிழமை ஒரு சொல்லும் பேசவில்லை. எட்டாம் நாள் இரவு வேலைக்குப் புறப்பட்டு, சப்பாத்துக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டாராம்: "அந்தப் பாடம் திரும்ப எப்ப தொடங்குது?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் அன்று கோல் கிடைத்தது. பாடத்தை மறுபடி எடுத்தான். 71 புள்ளி. டொக்டராவானா என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் இந்த ஆண்டு செருப்பு வைக்கும் இடத்தில் அவன் இருக்கவில்லை. உள்ளே, தாயாரின் பக்கத்தில் நின்று கும்பிட்டான்.

விஜயதசமியன்று இதே மண்டபத்தில் நாம் ஏடு தொடக்குகிறோம். தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். எழுத்துக் கோணினால் குருக்கள் ஐயா பிள்ளையைக் கோபிப்பதில்லை. உள்ளங்கையால் அரிசியைத் தடவிவிட்டு, அதே விரலை மறுபடி பிடிக்கிறார். இரண்டரை வயதில் பிடித்த அந்த விரலைப் பதினெட்டு வயதில் விட்டுவிடாதீர்கள்.

சுந்தரருக்குக் கோல் கொடுத்த பெருமான் நம் பிள்ளைகளுக்கும் துணை நிற்பாராக.

திருச்சிற்றம்பலம்.